தபீதாளை யாரும் எழுப்பாதீங்க

அத்தியாயம் 14

போன வாரம் தபீதாளை மேடவாக்கம் பாலத்துக்குக் கீழே ஸ்கூட்டரோடு நிற்க வைத்துவிட்டுப் போனதில் உங்களில் பல பேருக்கு என்மேல் கோபம். வீடு செம்பாக்கத்தில் இருக்க, அவள் எதற்கு மேடவாக்கம் போனாள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவளுக்கும் தெரியாதுங்க. பயமே அதுதான்.

தாம்பரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை எடுத்தது ஞாபகம் இருக்கிறது. கேம்ப் ரோடு சிக்னலில் நின்றது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்து, குடும்பத்தையே இழுத்துத் திட்டியபோதுதான் சுயநினைவு வந்தது. நடுவில் ராஜகீழ்ப்பாக்கம், தன் தெருமுனை, மளிகைக்கடை எல்லாவற்றையும் தாண்டியிருக்கிறாள். கண் திறந்துதான் இருந்திருக்க வேண்டும். கை ஓட்டியிருக்கிறது, பிரேக் பிடித்திருக்கிறது. ஆள் மட்டும் அங்கே இல்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக நாலு வரி. தபீதாள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். வீட்டுக்காரர் சுகுமார் காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் பஸ் டிரைவர். ஒரே மகள் சினேகா, பி.காம் படிக்கிறாள், இப்போது செமஸ்டர் லீவு. ஒரு வாரம் நைட் என்றால் அடுத்த வாரம் பகல் என்று இருந்த டூட்டி, ஒரு நர்ஸ் துபாய்க்கும் இன்னொரு நர்ஸ் பிரசவத்துக்கும் போனதிலிருந்து தபீதாளுக்கு நைட் மேல் நைட்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. இது மூன்றாவது வாரம். பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும் என்று ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே சொல்வாள். இப்போது சொல்வதில்லை.

வண்டியைத் திருப்பி, ஓரமாகவே ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தாள். ஏன் லேட் என்று சினேகா கேட்டதற்கு, பெட்ரோல் பங்கில் கூட்டம் என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள் சொன்ன பொய். சினேகா அம்மா முகத்தைப் பார்த்தாள், மேலே கேட்காமல் இட்லியை வைத்தாள்.

முதல் இட்லி பாதியில் இருக்கும்போதுதான் தபீதாளுக்கு அந்த எண்ணம் வந்தது. ரோட்டில் இப்படி ஆள் இல்லாமல் போனவள், வார்டிலும் அப்படி இருந்திருந்தால்?

சட்னியைத் தொட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

ஏழாம் பெட் குப்புராஜ். கோவளத்துக் கிழவர். படகு, மீன் ஏலம் என்று வாழ்ந்து, காலில் புண் ஆறாமல் சர்க்கரையோடு வந்து படுத்திருப்பவர். காலையில் அவருக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி. அதை ரெண்டு நர்ஸ் சேர்ந்துதான் போடவேண்டும் என்பது விதி. ஒருத்தி மருந்தை ஊசியில் எடுப்பாள், இன்னொருத்தி அளவைப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் ஊசி உடம்பில் ஏறணும். ஆள் இருந்தால்தானே? வார்டு பூராவுக்கும் ராத்திரியில் இருப்பது தபீதாளும், போன வருஷம் படிப்பு முடித்து வந்த மெஹ்னாஸும்தான். அதனால் அந்தச் சரிபார்ப்பு எல்லாம் வாயாலேயே நடக்கும். வார்டின் இந்தக் கோடியிலிருந்து மெஹ்னாஸ், "அக்கா, ஏழு?" என்பாள். அந்தக் கோடியிலிருந்து இவள், "ஆச்சு" என்பாள், அல்லது "நீ போட்டுடு" என்பாள். எல்லா நர்ஸும் செய்கிறதுதான். எதுவும் ஆகாதவரைக்கும் யாரும் அதைத் தப்பு என்று சொல்வதில்லை.

இன்றைக்கு மெஹ்னாஸிடம், "நீ போட்டுடு" என்று சொன்னது தபீதாளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆனால் குப்புராஜின் வயிற்றுச் சதையைத் தானே கிள்ளிப் பிடித்து ஊசி போட்டதும் ஞாபகம் இருக்கிறது. "இன்னா சிஸ்டரு, கண்ணு ரெண்டும் செவசெவன்னு கீது? உனுக்கு ஒரு பெட்டு போடச் சொல்லவா?" என்று அவர் கேட்டதும் காதில் இருக்கிறது. அது இன்றைக்கா, நேற்றைக்கா? அவர் மகள் பக்கத்தில் ஃப்ளாஸ்க்கோடு நின்றாளே, அவள் வந்தது எந்தக் காலை? மூன்று வாரத்து விடியலும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டது, பிரித்தெடுக்க வரவில்லை.

ரெண்டு பேரும் போட்டிருந்தால் ரெண்டு மடங்கு போயிருக்கும். சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். அந்த வயசுக்கு உயிரே போகலாம்.

போன் பண்ணிக் கேட்டுவிடலாமா என்று நினைத்தாள். என்ன கேட்பது? நான் ஊசி போட்டேனா இல்லையா என்று, போட்டவளே போன் பண்ணிக் கேட்டால் வார்டு இன்சார்ஜ் சுந்தரவல்லி மேடம் என்ன நினைப்பார்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், சும்மா பயந்து சாகாதே என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். கொஞ்சம் படுத்து எழுந்தால் தலை தெளியும், தெளிந்ததும் கேட்கலாம் என்று தோன்றியது. அதுவும் அந்தக் களைத்த தலை சொன்ன யோசனைதான்.

சளிக்குக் கொடுக்கிற மாத்திரை ஒன்று அவளிடம் எப்போதும் இருக்கும். போட்டால் தூக்கம் வரும். ஒரு மாத்திரைக்கு இப்போதெல்லாம் தூக்கம் பிடிப்பதில்லை. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, வயிறு எரிகிறது, மாதக் கணக்கு தப்பிப் போகிறது. போன மாதம் சும்மா தன் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தாள், சர்க்கரை கோட்டைத் தாண்டியிருந்தது. வீட்டில் மூச்சு விடவில்லை. இன்றைக்கு ரெண்டு மாத்திரையாகப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

அவள் படுத்தால் அந்த வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வரும். காலிங் பெல் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். குக்கர் விசில் கேட்கக்கூடாது என்று சினேகா சோற்றை வடித்தே ஆக்குவாள். படுக்கையறை ஜன்னலுக்கு டியூஷன் சென்டர்க்காரனின் பழைய ஃப்ளெக்ஸ் பேனரைத் திருப்பி ஒட்டியிருக்கிறார்கள். முதல் மார்க் வாங்கிய பிள்ளைகள் எல்லாம் வெயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், உள்ளே ஒரே இருட்டு. அம்மாவின் போன் சைலன்ட்டில் சினேகாவிடம் இருக்கும். போன மாதம் தபீதாள் குளியலறையில் மயங்கி விழுந்தாளே, அன்றைக்கு மகள் போட்ட சட்டம் இது. அம்மாவை யாரும் எழுப்பக்கூடாது, ஆண்டவரே வந்தாலும் சாயங்காலம் வரச் சொல்லு என்று அப்பாவிடமே சொல்லியிருந்தாள்.

அன்பால் போட்ட சட்டம். இன்றைக்கு அதுதான் காலை வாரிவிட்டது.

சினேகா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் போனில் வார்டு நம்பர் மினுங்கியது. அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நேரத்தில் வார்டிலிருந்து போன் வந்தால் ஒரே அர்த்தம்தான். யாரோ வரவில்லை, நீ ரெண்டு மணி நேரம் முன்னால் வர முடியுமா என்று கேட்பார்கள். அம்மாவும் சரி என்று சொல்லித் தொலைப்பாள். எடுக்கவில்லை. மறுபடி மினுங்கியது. மறுபடி. நாலாவது தடவை எடுத்தாள்.

எதிர்முனையில் சுந்தரவல்லி மேடம், அம்மாவை எழுப்பும்மா என்று ஆரம்பித்தார். சினேகா முடிக்க விடவில்லை.

"அம்மா ஊருக்குப் போயிட்டாங்க ஆன்ட்டி. போனை வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டாங்க."

சொல்லிவிட்டுக் கட் செய்து, போனையே ஆஃப் செய்தாள். மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இன்றைக்காவது அம்மா முழுசாகத் தூங்கட்டும் என்று நினைத்தாள். பாவம், அந்தப் பிள்ளையை நான் என்ன சொல்லித் திட்டுவது?

வெயில் உச்சிக்கு ஏறியிருந்தபோது சினேகாவின் போன் அடித்தது. அப்பா. மாணவர்களை இறக்கிவிட்டு, பஸ்ஸை நிழலில் போட்டுவிட்டு, சாயங்கால டிரிப் வரைக்கும் சுகுமார் சும்மாதான் இருப்பார். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தாள். அப்பாவின் குரல் அவள் கேட்ட குரலாக இல்லை.

ஆஸ்பத்திரி ஆபீஸில் தேடி அவர் நம்பரைப் பிடித்திருக்கிறார்கள். காலையில் ஏழாம் பெட் ஆளுக்கு உடம்பெல்லாம் வேர்த்து, வாய் குழறி, நினைவு தப்பிவிட்டதாம். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. க்ளூக்கோஸ் ஏற்றினால் ஏறுகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்குகிறது. ஐ.சி.யூவில் வைத்திருக்கிறார்கள். இன்சுலின் கூடுதலாகப் போயிருக்கிறதா, இல்லை மூளையில் வேறு ஏதாவதா என்று டாக்டர்களுக்குப் புரியவில்லை. தபீதாள் ஊசி போட்டாளா இல்லையா என்று அவள் வாயால் தெரிந்தால்தான் அடுத்து என்ன என்று முடிவு பண்ண முடியும் என்கிறார்களாம்.

"அம்மா ஊருக்குப் போயிருக்காள்னு யாரோ சொன்னாங்களாமே. யாரும்மா சொன்னது?" என்று கேட்டார் சுகுமார்.

 சினேகா போனைக் கையில் பிடித்தபடியே படுக்கையறைக்கு ஓடினாள்.

கதவைத் திறந்து, "அம்மா" என்றாள். அசைவில்லை. தோளைத் தொட்டாள், பிடித்துக் குலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள். தபீதாள் வாய் லேசாகத் திறந்தபடி கிடந்தாள். அந்த இருட்டில் மூச்சு வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சினேகா ஜன்னல் பேனரைப் பிடித்து இழுத்தாள், டேப்போடு கிழிந்து வந்தது. வெளிச்சம் முகத்தில் விழுந்தும் அம்மா இமையை அசைக்கவில்லை. தலைமாட்டில் மாத்திரை அட்டை கிடந்தது, ரெண்டு குழி காலி. அது ரெண்டுதானா, இல்லை வேறு அட்டையும் இருக்கிறதா என்று தலையணைக்கு அடியில் துழாவினாள். அம்மா மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு, இயேசப்பா, இயேசப்பா என்று முணுமுணுத்தாள். விரலில் சூடாக மூச்சு பட்டது. அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்த பிறகு தபீதாள் எழுந்து உட்கார்ந்தாள். எழுந்தவள் மகளைப் பார்க்கவில்லை. எந்த பெட், க்ளூக்கோஸ் பாட்டில் முடிஞ்சுதா என்று கேட்டாள். நான்தாம்மா, நம்ம வீடும்மா என்று சினேகா ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அம்மாவின் போனை சினேகா ஆன் செய்து கையில் கொடுத்தாள். என்ன நடந்தது என்று திக்கித் திக்கிச் சொன்னாள். தான் சொன்ன பொய்யையும் சேர்த்தே சொன்னாள். தபீதாள் திட்டவில்லை. மகள் தலையில் கையை வைத்தாள். 

சினேகாவின் போனில் சுகுமார் இன்னும் லைனில்தான் இருந்தார். ஸ்பீக்கரைப் போடச் சொன்னார்.

"தபி, நான் சொல்றதைக் கேளு. மருந்துச் சார்ட்டுல ஏழாம் பெட் கட்டத்துல ஒரே கையெழுத்துதான் இருக்காம். மெஹ்னாஸ்னு ஒரு பொண்ணு, அவளோடது. நீ போட்டதா எங்கயும் இல்லை. நான் போடலைன்னு சொல்லிடு. அவ்வளவுதான்."

 டூட்டி முடிகிறபோது உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஒன்றாகக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் தபீதாளுக்கு. ஏழாம் பெட் கட்டத்தில் ஏற்கெனவே மெஹ்னாஸ் கையெழுத்து இருந்தால், அதைத் தாண்டிப் போயிருப்பாள். இவள் ஊசி போட்டிருந்தாலும் அங்கே அடையாளம் இருக்காது. அவள் இல்லை என்று சொன்னால் இல்லைதான். யாராலும் மறுக்க முடியாது.

"நிஜமாவே போட்டியா?" என்று சுகுமார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தெரியலைங்க."

"தெரியலைன்னா போடலைன்னுதானே அர்த்தம்?"

"காலைல நான் மேடவாக்கம் போயிட்டேன். எப்படிப் போனேன்னும் தெரியலை. ஆனா போயிருக்கேன்ல?"

முதலில் அவருக்குப் புரியவில்லை. அவள் பெட்ரோல் பங்க் பொய்யிலிருந்து லாரிக்காரன் திட்டியது வரைக்கும் சொன்னாள்.  இருபது வருஷமாக பஸ் ஓட்டுகிற மனுஷனுக்கு அது என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ராத்திரி டூர் ஓட்டிவிட்டு வருகிற டிரைவர் கையில் காலையில் சாவியைக் கொடுக்கக்கூடாது என்று அவர் கல்லூரியில் விதியே இருக்கிறது. பஸ்ஸுக்கு இருக்கிற விதி தன் பெண்டாட்டிக்கு இல்லையே என்று அதுவரைக்கும் அவருக்குத் தோன்றியதே இல்லை. தோன்றாமல் போனதில் அவருக்கு அவமானமாக இருந்தது.

அப்படியும் பயம் விடவில்லை. வேலை போனால் பரவாயில்லை, கேஸ் ஆகிவிட்டால் என்ன பண்ணுவாய், உன் லைசென்ஸ் போகும், பேப்பரில் போட்டோ போடுவார்கள் என்றார்.  கெட்ட மனுஷன் இல்லை அவர். தன் வீட்டைக் காப்பாற்ற நினைக்கிற யாரும் அந்த நேரத்தில் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

சினேகா நடுவில் ஒன்றே ஒன்று கேட்டாள். "நீ போடலைன்னு சொன்னா அந்த அக்காவை என்னம்மா பண்ணுவாங்க?"

மெஹ்னாஸ் அளவை மாற்றி எடுத்துவிட்டாள் என்று ஆகும். புதுசு, அவசரம், கவனமில்லை என்று ஆகும். வீட்டுக்குப் போனவளைத் திருப்பி வரச்சொல்லி, ஆபீஸ் வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று சுகுமாரே சொன்னார். தபீதாளுக்கு அது கண்ணில் தெரிந்தது. அதைவிட மோசம் ஒன்று இருந்தது. கூடுதல் இன்சுலின் இல்லை என்று இவள் சொல்லிவிட்டால், டாக்டர்கள் கிழவரை ஸ்கேன், அந்த டெஸ்ட், இந்த டெஸ்ட் என்று தூக்கிக்கொண்டு அலைவார்கள். அந்த நேரத்தில் சர்க்கரை சத்தமில்லாமல் மறுபடி இறங்கும்.

கையிலிருந்த போன் மினுங்கியது. வார்டு.

 தபீதாள் இத்தனை வருஷத்தில் எத்தனையோ சாவைப் பார்த்திருக்கிறாள், பிணத்தைக் குளிப்பாட்டி இருக்கிறாள். இப்படிப் பயந்ததில்லை. பச்சைப் பொத்தானைத் தொட விரல் வரவில்லை. சினேகாதான் தொட்டாள்.

சுந்தரவல்லி மேடம் ஊருக்குப் போன கதையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தபீதாள், ஏழுக்கு நீ இன்சுலின் போட்டியா?"

ஸ்பீக்கர் போனில் சுகுமார் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு தடவை போயிருக்குன்னே வெச்சுக்குங்க, மேடம். நான் போட்டேனான்னு எனக்கு நினைவில்லை. ஆனா போட்டிருப்பேன். மெஹ்னாஸ் மேல தப்பில்லை, நான்தான் அவளைப் போடச் சொன்னேன். க்ளூக்கோஸை நிறுத்த வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. ராத்திரி வரைக்கும் விடாம சுகர் பார்க்கச் சொல்லுங்க."

அந்தப் பக்கத்தில் சுந்தரவல்லி யாரிடமோ திரும்பி, ரெண்டு டோஸ் என்று சொல்வது கேட்டது. யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. தபீதாளுக்கு அந்த ஓட்டச் சத்தம் கொஞ்சம் தெம்பாக இருந்தது. ஆனால் குப்புராஜ் கண் திறந்தாரா என்று கேட்டதற்கு, இன்னும் இல்லை என்றுதான் பதில் வந்தது.

என்கொயரி இருக்கும், மேனேஜ்மென்ட் கூப்பிடுவார்கள், எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார் சுந்தரவல்லி. தபீதாள் ஒவ்வொன்றுக்கும் சரி என்றாள். உடம்பு சரியில்லை என்று முன்னமே சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. போன வாரம் இதே மேடத்திடம் லீவு கேட்டு, ஆளே இல்லையேம்மா, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ என்று திருப்பி அனுப்பப்பட்டவள் அவள்.

 சுந்தரவல்லி தொண்டையைச் செருமிக்கொண்டார். கெட்ட பெண்மணி இல்லை அவரும். அவர் முன்னால் ஒரு வார்டு நிறைய ஆட்கள் படுத்திருக்கிறார்கள்.

"மெஹ்னாஸ் அழுதுகிட்டு உட்கார்ந்திருக்கா, அவ இன்னிக்கு வரமாட்டா. வேற யாரும் கிடைக்கலை. ராத்திரி டூட்டிக்கு நீ வந்துடுவேல்ல?"

"வரேன் மேடம்" என்றாள் தபீதாள்.

தேங்க்ஸ்மா என்று சொல்லி சுந்தரவல்லி போனை வைத்தார். சினேகாவின் கையிலிருந்த போனில் சுகுமார், தபி, தபி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மகளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று தபீதாளுக்குத் தெரிந்தது.